பலவீனத்திலிருந்து பிறந்த திருடன்: காரெட் உருவான விதம் – ஒரு நிகழ்வு ஆய்வு

1998 இறுதியில் வெளிவந்த ‘தீஃப்: த டார்க் ப்ராஜெக்ட்’ என்ற கணினி கேமின் நாயகன் காரெட். பெயரே சொல்லப்படாத ஒரு நகரத்தில் பணக்காரர் வீடுகளில் புகுந்து திருடிப் பிழைக்கிறவன். முக்காடு போட்டவன், வாய் கொஞ்சம் நக்கல், யாரையும் நம்பாதவன். ஒளிந்து ஆடும் கேம்களைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் இவன் பெயர் வராமல் இருக்காது.

இப்படித் தெளிவாக நிற்கிற ஒரு பாத்திரத்தை முதலில் எழுதி முடித்துவிட்டு, பிறகு அவனைச் சுற்றிக் கேமைக் கட்டியிருப்பார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். நடந்தது நேர் எதிர். கேமின் விதிகள் முதலில் வந்தன. அந்த விதிகளுக்குள் வாழக்கூடிய ஒரு ஆளாகக் காரெட் பின்னால் வந்து சேர்ந்தான். அது எப்படி நடந்தது, வழியில் எதைக் கைவிட்டார்கள், எதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள் என்பதுதான் இந்த ஆய்வு. ஆட்களைப் பெயர் சொல்லாமல் அவரவர் பொறுப்பைக் கொண்டே குறிப்பிடுகிறேன். இது பலர் கைபட்ட வேலை என்பதால் அதுவே பொருத்தமும்கூட.

## பின்னணி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய நிறுவனம் லுக்கிங் கிளாஸ். ‘அல்டிமா அண்டர்வேர்ல்ட்’ (1992), ‘சிஸ்டம் ஷாக்’ (1994) ஆகிய கேம்களால் பெயர் வாங்கிய குழு இது. ஆட்டக்காரர் கதாபாத்திரத்தின் கண் வழியாக உலகைப் பார்ப்பார். அந்த உலகம் தனக்கென்று சில விதிகளோடு இயங்கும். அவற்றைப் புரிந்துகொண்டு தன் வழியைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். இவர்கள் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தது இதைத்தான்.

1996இல் புதிய திட்டம் ஒன்று தொடங்கியது. அப்போது எல்லோர் பேச்சிலும் ‘க்வேக்’ என்ற சுடும் கேம். ஓடு, சுடு, இன்னும் வேகமாக ஓடு. இவர்கள் யோசித்ததோ வாள். கண் பார்வையிலிருந்தே வாள்சண்டை போடும் கேம் ஒன்று செய்யலாம், ஓங்கி வெட்டுவது, பக்கவாட்டில் வீசுவது, தடுப்பது என்று அதில் நுணுக்கம் இருக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். கதைக்குத்தான் பஞ்சம். மந்திரவாதிகள் பள்ளி என்று ஒன்று யோசித்தார்கள். பனிப்போர்க் காலத்தில் கம்யூனிஸ்ட் சோம்பிகளை (நடமாடும் பிணங்களை) வாளால் வெட்டுவதாக இன்னொன்று. (அது வெளிவந்திருந்தால் நாம் இன்று வேறு விதமான கட்டுரை படித்துக்கொண்டிருப்போம்.) கடைசியில் ‘டார்க் கேமலாட்’ என்ற கரு நின்றது. ஆர்தர் மன்னன் கதையைத் தலைகீழாகப் புரட்டி, ஆர்தரைக் கொடுங்கோலனாகவும் வழக்கமாக வில்லனாக வரும் மார்ட்ரெட்டை நாயகனாகவும் ஆக்கினார்கள். மார்ட்ரெட் சண்டையும் போடுவான். ஒரு கட்டத்தில் கேமலாட் கோட்டைக்குள் நுழைந்து புனிதக் கிண்ணத்தையும் திருடுவான்.

இந்தத் திருட்டு அப்போது கேமின் ஒரு பகுதி மட்டுமே.

## கவனிக்கப்பட்டவை

வேலை நகர நகர மூன்று விஷயங்கள் தெரியவந்தன.

முதலாவது, வாள்சண்டை எதிர்பார்த்த அளவுக்குச் சோபிக்கவில்லை. கண் பார்வைக் கோணத்தில் கைக்கெட்டும் தூரத்துச் சண்டையை உருவாக்குவது இன்றைக்கும் சிரமமான காரியம்தான். எதிராளி எவ்வளவு தள்ளி நிற்கிறான், அடி எங்கே பட்டது என்று ஆட்டக்காரருக்குப் பிடிபடாது. இரண்டாவது, ஆர்தர் கதையை விற்க முடியுமா என்று விற்பனைப் பிரிவுக்குத் தயக்கம். மூன்றாவதுதான் திருப்பம். நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், இந்தக் கேமில் சுவாரஸ்யமான இடமே திருடப் போகிற பகுதிதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மற்ற எல்லாவற்றையும் வேறு யாராவது செய்துவிடுவார்கள். கண் பார்வையிலிருந்து திருடும் கேமை எவரும் செய்யவில்லை என்பது அவர் வாதம்.

வடிவமைப்பாளர்கள் சிலர் மனதில் நீர்மூழ்கிக் கப்பல் கேம்களும் ஓடிக்கொண்டிருந்தன. நீர்மூழ்கி மேலே வந்து மாட்டிக்கொண்டால் கதை முடிந்தது; கண்ணில் படாதவரை அதுதான் ராஜா. அந்தச் சமன்பாட்டை ஒரு மனிதனுக்குப் பொருத்திப் பார்த்தால் என்ன?

1997 வாக்கில் ஆர்தர், மார்ட்ரெட், கேமலாட் எல்லாம் போய்விட்டன. மிஞ்சியது திருடன். அவனுக்கு அப்போது முழுமையான குணமோ குரலோ கிடையாது. என்ன செய்வான், எதைச் செய்ய முடியாது என்பது மட்டும் மெல்லத் தெளிந்துவந்தது.

## எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

அன்றைய கேம் நாயகர்களுக்கு நேர்மாறாக, இவன் சண்டையில் தோற்கிறவனாக இருக்க வேண்டும் என்பது அடிப்படை முடிவு. வாள் கையில் இருக்கும். ஒரு காவலனை ஒண்டிக்கு ஒண்டி சமாளிக்கலாம். இரண்டு பேர் சேர்ந்து வந்தால் ஓடுவதே புத்திசாலித்தனம். இது வெறும் கஷ்டம் கூட்டும் உத்தி இல்லை. நாயகன் பலசாலியாக இருந்தால் ஒளிந்துகொள்வது ஆட்டக்காரரின் விருப்பம். பலவீனனாக இருந்தால் அது அவருடைய தேவை. ஒளிந்து ஆடும் கேம் என்று பெயர் வைத்துக்கொண்டு நாயகன் கையில் இயந்திரத் துப்பாக்கியைக் கொடுத்த கேம்கள் பின்னாளில் எத்தனையோ வந்தன. அவற்றில் இருட்டு வெறும் அலங்காரமாகிப் போனதற்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

பலத்தைப் பிடுங்கிக்கொண்டால் பதிலுக்கு எதையாவது தர வேண்டுமே. தந்தது இரண்டு: வெளிச்சத்தைப் பற்றிய அறிவு, சத்தத்தைப் பற்றிய அறிவு.

திரையின் அடியில் நடுவில் ஒரு ரத்தினக் கல் இருக்கும். காரெட் நிற்கும் இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறதோ அந்த அளவுக்கு அது ஒளிரும். கல் இருண்டிருந்தால், காவலன் கை நீட்டினால் தொடும் தூரத்தில் கடந்து போனாலும் உங்களைப் பார்க்க மாட்டான். வாளை உருவிப் பிடித்தால் கொஞ்சம் கூடுதலாகத் தெரிவீர்கள். கண் பார்வையில் ஆடும்போது தன் உடம்பு தனக்கே தெரியாது என்பது இந்த வகைக் கேம்களின் நிரந்தரக் குறை. நான் மறைந்திருக்கிறேனா இல்லையா என்று ஆட்டக்காரருக்கு எப்படித் தெரியும்? அந்தக் குறையை ஒற்றைக் கல்லில் தீர்த்துவிட்டார்கள்.

வெளிச்சம் மாற்றக்கூடியதாகவும் இருந்தது. தண்ணீர் அம்பை எய்து தீப்பந்தத்தை அணைக்கலாம். ஆனால் இந்த நகரத்தில் மின்விளக்குகளும் உண்டு. அவற்றைத் தண்ணீர் அம்பால் ஒன்றும் செய்ய முடியாது. கோட்டை, வாள், அம்பு என்று இடைக்காலம் போலிருக்கும் உலகத்தில் மின்விளக்கு எதற்கு என்று கேட்டால், பாதி பதில் கதையில் இருக்கிறது. மீதி பதில் இங்கே இருக்கிறது: அணைக்க முடிந்த விளக்கும் அணைக்க முடியாத விளக்கும் கலந்திருந்தால்தான் வழி தேடுவதில் யோசனை இருக்கும்.

சத்தத்தில்தான் இவர்கள் ரொம்ப தூரம் போனார்கள். லெவல் (ஆடும் இடம்) கட்டுகிறவர்கள் ஒவ்வொரு அறையையும் அதன் வாசல்களையும் தனியாகக் குறித்துத் தர வேண்டும். ஒலி அந்த வாசல்கள் வழியாகப் பரவும். பக்கத்து அறை என்றாலும் வாசல் சுற்றிப் போனால் சத்தமும் சுற்றித்தான் வந்து சேரும். முக்கியமான விஷயம், ஆட்டக்காரர் காதில் விழுவதற்கும் காவலன் காதில் விழுவதற்கும் ஒரே ஏற்பாடு. காவலன் எந்தப் பக்கம் நடக்கிறான் என்று நீங்கள் காலடியை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அவனும் அதையே உங்களுக்குச் செய்வான்.

முதல் திருட்டையே எடுத்துக்கொள்வோம். பாஃபோர்டு என்ற பிரபுவின் மாளிகை. எடுக்க வேண்டியது செங்கோல். வாசலில் இரண்டு காவலர்கள் நின்று கரடிச் சண்டை பார்க்கப் போவதைப் பற்றி வெட்டிப் பேச்சு பேசிக்கொண்டிருப்பார்கள். காது கொடுத்துக் கேட்டால் சிரிப்பு வரும். அதே நேரம், அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதும் தெரிந்துபோகும். உள்ளே போனால் கம்பளம் விரித்த இடத்தில் காலடி கேட்காது. ஓடு பதித்த தரையில் கால் வைத்தவுடன் டக் டக் என்று மாளிகையையே எழுப்புகிற சத்தம். தரையைப் பார்த்து நடக்க வேண்டும் என்று எவரும் பாடம் எடுப்பதில்லை. நாலு அடியில் ஆட்டக்காரருக்கே விளங்கிவிடும். பாசி அம்பு ஒன்று கைவசம் இருந்தால் ஓட்டுத் தரையில் எய்து மெத்தென்று ஆக்கிக்கொள்ளலாம்.

காவலர்களும் பார்த்தவுடன் பாய்வதில்லை. சந்தேகம், தேடல், துரத்தல் என்று படிப்படியாக ஏறும். ஒவ்வொரு படியிலும் வாய்விட்டுப் பேசுவார்கள். ஏதோ சத்தம் கேட்டதே என்பார்கள், கொஞ்சம் தேடுவார்கள், எலியாக இருக்கும் என்று சலித்துக்கொண்டு திரும்புவார்கள். யதார்த்தத்தில் எந்தக் காவலனும் இப்படித் தனக்குத்தானே புலம்ப மாட்டான். ஆனால் அந்தப் புலம்பல்தான் ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் ஒரே செய்திப் பலகை.

இனி பாத்திரத்துக்கு வருவோம். ஒரு ஆள் ஏன் சண்டை போடாமல் ஒளிகிறான்? ஏன் தனியாகவே போகிறான்? இருட்டில் நிற்பதில் எப்படி இவ்வளவு தேர்ச்சி? இந்தக் கேள்விகள் எல்லாம் விதிகளிலிருந்து எழுந்தவை. கதைக்குழு பதிலாகத் தந்ததுதான் காரெட்டின் இளமைக்காலம். தெருவில் வளரும் அநாதைச் சிறுவன். ஒருநாள், கூட்டத்தில் வேறு யார் கண்ணிலும் படாமல் நடந்து போகும் ஒருவரின் பையில் கை விடுகிறான். அவர் ‘கீப்பர்கள்’ என்ற ரகசியச் சபையைச் சேர்ந்தவர். பார்க்க முடியாதவரைப் பார்த்துவிட்டானே என்று அவர்கள் அவனைச் சேர்த்துக்கொண்டு பயிற்சி தருகிறார்கள். மறையும் கலையைக் கற்றுக்கொண்டவன், அவர்களுடைய தத்துவம் எனக்கு வேண்டாம் என்று பிழைப்பைப் பார்த்துக் கிளம்பிவிடுகிறான். இந்த ஒரு சின்னக் கதை விதிகள் அத்தனைக்கும் விடை சொல்லிவிடுகிறது. கேமின் பயிற்சி மிஷனே அந்தச் சபையில் அவன் கற்ற பாடங்கள்தான்.

வரைபடத்திலும் இதே சிந்தனை. காரெட்டின் வரைபடம் அவனே கிறுக்கிய குறிப்பு போலிருக்கும்; அவனுக்குத் தெரிந்த அளவுதான் அதில் இருக்கும். அறியாத இடம் வெற்றிடம்.

கொலை பற்றிய முடிவு பின்னால்தான் வந்தது. 1997இல் வெளியான ‘கோல்டன்ஐ 007’ கேமில் கடின நிலையைத் தேர்ந்தால் செய்ய வேண்டிய பணிகளும் கூடும். அதைப் பார்த்த குழு தங்கள் கேமிலும் அதைக் கொண்டுவந்தது. உச்ச நிலையில் மனிதர்களைக் கொல்லவே கூடாது. கட்டையால் தலையில் தட்டி மயக்கலாம், அவ்வளவுதான். இந்த விதிக்கு அவர்கள் தந்த காரணம் தர்மம் இல்லை, தொழில் கௌரவம். பிணத்தை விட்டுவிட்டு வருகிறவன் அரைகுறைத் திருடன் என்பது காரெட்டின் பார்வை. நல்லவன் என்று எவரும் அவனுக்குச் சான்றிதழ் தரவில்லை. திறமைசாலி என்பதால் கொல்லத் தேவைப்படவில்லை. ஒரு கடின நிலை அமைப்பு ஒரு மனிதனின் குணமாகவே மாறியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

முகத்துக்குப் பெரிய வேலை இல்லை. கண் பார்வைக் கேமில் நாயகன் முகத்தை இடைக்காட்சிகளில்தான் பார்ப்போம். எனவே ஆளை நிலைநிறுத்த வேண்டிய பொறுப்பு முழுக்கக் குரல் மேல் விழுந்தது. தேர்ந்தெடுத்த நடிகர் சத்தம் போடாமல், களைப்பும் கிண்டலும் கலந்த தொனியில் பேசினார். ஒவ்வொரு மிஷனுக்கு முன்பும் வேலையின் விவரத்தை அவனே சொல்வதைக் கேட்டால் பழைய துப்பறியும் கதைகளின் வாசனை அடிக்கும். குடிகாரக் காவலன் ஒருவனுக்குக் குரல் கொடுத்ததும் அதே நடிகர்தான்.

## நெருக்கடிக் காலம்

காகிதத்தில் இவ்வளவு அழகாக இருந்தது, கணினியில் நீண்ட காலம் வேலை செய்யவில்லை. நிறுவனத்துக்குப் பணக் கஷ்டம். ஆஸ்டின் நகரக் கிளை மூடப்பட்டது. சில மாதங்களுக்குள் ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் போய்விட்டார்கள். திட்டத்தில் முக்கியப் பொறுப்பு வகித்தவர்களும் அதில் அடக்கம்.

தொழில்நுட்பத்தில் பெரிய தலைவலி காவலர்களின் ஏஐ, அதாவது அவர்களை இயக்கும் செயற்கை அறிவு. முதலில் எழுதிய அமைப்பு இந்தக் கேமுக்கு ஒத்துவரவில்லை. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. அன்றைய கேம்களில் எதிரிக்கு இரண்டே நிலைகள் போதும்: பார்க்கவில்லை, பார்த்துவிட்டான். இங்கே வேண்டியிருந்ததோ அரைகுறைச் சந்தேகம். இதில் இன்னொரு சிக்கல், மற்ற கேம்களில் ஏஐ மோசமாக இருந்தாலும் சுட்டுவிட்டுப் போகலாம். இந்தக் கேமில் காவலனின் கண்ணும் காதும் ஒழுங்காக வேலை செய்யும்வரை கேம் என்று ஒன்றே கிடையாது. அதனால் 1998 கோடைக்காலம் வரை ஆடிப் பார்த்தவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்றே புரியவில்லை.

அந்த நேரத்தில் வாள்சண்டையைப் பெருக்கி, காரெட்டைக் கொஞ்சம் பலசாலியாக்கித் தப்பித்திருக்கலாம். செய்யவில்லை. வெட்டியது வேறு இடங்களில். பலர் சேர்ந்து ஆடும் வசதி போனது; கிளை பிரியும் கதையும் போனது. இருட்டு, சத்தம், பலவீனம் மூன்றையும் தொடவில்லை. அவற்றில் ஒன்றில் கை வைத்திருந்தாலும் மற்ற இரண்டும் அர்த்தமற்றுப் போயிருக்கும். புதிய ஏஐ ஓடத் தொடங்கி, பார்வையும் செவியும் சரியான அளவுக்கு வந்ததும், வெளியீட்டுக்குச் சில மாதங்களே இருந்த நிலையில் கேம் உயிர் பெற்றது.

ஒரு சமரசம் மட்டும் தங்கிவிட்டது. வெறும் ஒளிதல் அலுத்துவிடுமோ என்ற பயத்தில் சோம்பிகள், அரக்கர்கள், கல்லறைகள் என்று பல மிஷன்களைச் சேர்த்திருந்தார்கள். மாளிகையில் திருடுகிறவன் திடீரென்று பாதாளத்தில் பேய்களோடு மல்லுக்கட்டுவான்.

## வெளியீடும் பின்விளைவும்

அந்த ஆண்டு ஜப்பானிலிருந்து ‘டென்சூ’, ‘மெட்டல் கியர் சாலிட்’ இரண்டும் வந்திருந்தன. ‘தீஃப்’ மூன்றாவது. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தது இல்லை. ஒளிந்து ஆடும் கேம் என்ற வகை ஒரே ஆண்டில் மூன்று திசையிலிருந்து வந்து நின்றது. 2000 மே மாதத்துக்குள் ‘தீஃப்’ ஐந்து லட்சம் பிரதிகள் விற்றது.

1999இல் மூன்று புதிய மிஷன்களோடு ‘தீஃப் கோல்டு’ வந்தது. 2000 மார்ச்சில் இரண்டாம் பாகம். ஆட்டக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்பது அதைப் பார்த்தாலே தெரியும்: பேய்கள் குறைந்தன, மாளிகைகளும் கிடங்குகளும் கூரைகளும் கூடின. முதல் பாகத்தின் கதையில் காரெட் ஒரு கண்ணை இழக்கிறான். பார்வையை வைத்துப் பிழைக்கிறவனிடமிருந்து கண்ணைப் பறித்தது நல்ல கதை. இரண்டாம் பாகத்தில் அதற்குப் பதில் வைத்த இயந்திரக் கண் தூரத்தைக் கிட்டத்தில் காட்டுவதும் ஆட்டக்காரருக்குக் கிடைத்த நல்ல கருவி. இங்கேயும் கதையும் விதியும் ஒன்றாகவே நடந்தன. இரண்டாம் பாக வில்லனுக்கும் காரெட்டின் நடிகரே குரல் கொடுத்தார்; சொன்னால்தான் தெரியும்.

அந்த வெற்றியெல்லாம் நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை. 2000 மே மாதம் லுக்கிங் கிளாஸ் மூடப்பட்டது. மூன்றாம் பாகத்தை 2004இல் வேறொரு நிறுவனம் செய்தது. அதில் வாள் போய்க் குத்துவாள் வந்தது.

2014இல் மான்ட்ரியலில் இன்னொரு குழு காரெட்டைப் புதிதாகத் தொடங்கியது. பெயர், முக்காடு, கொஞ்சம் வித்தியாசமான கண், ரத்தினக் கல்லின் சாயல் எல்லாம் இருந்தன. குரல் நடிகர் மாற்றப்பட்டார். உடல் அசைவையும் குரலையும் ஒருவரே தர வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். ரசிகர்கள் அதற்குத்தான் அதிகம் கோபப்பட்டார்கள். எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. ஏறுவதற்குக் கயிறு தொங்கவிடும் கயிறு அம்பைப் பழைய கேமில் மரப்பரப்பு கண்ட இடமெல்லாம் எய்யலாம். புதியதில் குறித்து வைத்த இடத்தில் மட்டும். நினைத்த இடத்தில் குதிக்கவும் முடியாது. திருடனை வைத்துக்கொண்டு, அவன் எந்த வழியாக ஏறுவான் என்பதை அவன் கையிலிருந்து பிடுங்கிவிட்டார்கள்.

## என்ன மாற்றியிருக்கலாம்

குழுவின் முதன்மை நிரலாளர் 1999இல் எழுதி வெளியிட்ட திட்ட அலசலில் ஏஐ சிக்கல், ஆட்கள் விலகியது, லெவல் கட்டும் கருவியைக் கவனிக்காமல் விட்டது, திட்டமிடலில் இருந்த ஓட்டை எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். இதுபோன்ற ஒன்றைத் தொடங்குகிறவர்கள், ஓவியத்துக்கும் கதைக்கும் முன்னால், ஒரு காவலன், ஒரு விளக்கு, இரண்டு வகைத் தரை இவற்றை மட்டும் வைத்து ஒரே ஒரு அறையைச் செய்து ஆடிப் பார்ப்பது நல்லது. அந்த அறையில் பதற்றம் வரவில்லை என்றால் பெரிய மாளிகையிலும் வராது. 1998 கோடையில் தெரிந்தது 1997லேயே தெரிந்திருக்கும்.

சோம்பி மிஷன்கள் விஷயத்தில் கருத்து வேறுபாடு இருக்கிறது. அவை இல்லாவிட்டால் முதல் பாகத்தின் அச்சம் குறைந்திருக்கும் என்பவர்கள் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. பேய் பிடித்த தேவாலயம் வரும் மிஷனை நான் வெட்ட மாட்டேன். எலும்புக்கூடுகள் நிறைந்த சுரங்கங்களில் சிலவற்றைத் தாராளமாக வெட்டலாம். காவலனுக்குச் செய்தி சொல்லும் வாய் இருக்கிறது. சோம்பிக்கு முனகல் மட்டும்தான். கேட்டுக் கேட்டு ஆடும் கேமில் அது பாதி வாசிப்பைப் பறித்துவிடுகிறது.

வாளையும் இன்னும் முன்பே சிறிதாக்கியிருக்கலாம். டார்க் கேமலாட் கால வாள்சண்டையின் மிச்சம் அது. முதல் முறை ஆடுகிறவர்கள் கையில் வாள் இருப்பதைப் பார்த்துச் சண்டைக்குப் போய், இரண்டு நிமிஷத்தில் செத்து, கேம் சரியில்லை என்று மூடிவைத்ததும் உண்டு. தொடக்கத்தில் கட்டையை மட்டும் கொடுத்துவிட்டு, வாளை நாலாவது மிஷனுக்குத் தள்ளியிருந்தால் அவர்களில் பலர் கேமிலேயே தங்கியிருப்பார்கள்.